61 பக்க ரிப்போர்ட் போட்டேன், கோச் கேட்ட ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை (எதிரணியை மென்பொருளில் அலசுவது பற்றி)

வெள்ளிக்கிழமை_அப்பா | சனி, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேஃப்டி (டிஃபென்ஸில் கடைசியில் நிற்பவன்) ஆடுகிறான். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன் என்று எந்த நேரத்தில் வாய் தவறிச் சொன்னேனோ, ஆகஸ்டில் கோச் என்னைக் கூப்பிட்டு ஹடல் என்ற வீடியோ மென்பொருளின் லாகின் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் மூன்று மேட்ச் வீடியோவை டேக் செய்து ஞாயிறு மதியத்துக்குள் தர வேண்டும். அதுதான் வேலை.

தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு பிளேயும் எட்டு, பத்து வினாடி கிளிப்பாக வெட்டப்பட்டு வரும். கிளிப்புக்குக் கீழே கட்டங்கள். எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு தேவை, பந்து எந்த ஹேஷில், எந்த யார்டு கோட்டில், ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு) என்ன, பந்தோடு ஓடிய ரன்னா, எறிந்த பாஸா, எந்தப் பக்கம் போனது, எத்தனை யார்டு கிடைத்தது. கிளிப்பை ஓட்டு, நிறுத்து, நிரப்பு, அடுத்தது. ஒரு மேட்சுக்கு எதிரணி அஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) மட்டும் சுமார் 60 பிளே. மூன்று மேட்சுக்கு 180. வெள்ளி ராத்திரி மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகிவிடுகிறது. மனைவி முதலில் திட்டினாள், இப்போது ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள்.

இந்த வாரம் சீக்கிரமே முடித்துவிட்டேன், எல்லா ரிப்போர்ட்டையும் பிரின்ட் எடுத்தேன். 61 பக்கம். கலர். இன்று மாலை பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோச் புரட்டினார், புரட்டினார், கடைசியில் மேசையில் வைத்துவிட்டு, "ஹேஷில் நிற்கும்போது ரன் எந்தப் பக்கம் போகிறான்?" என்று கேட்டார். ரிப்போர்ட்டில் தேடினேன். அகலப் பக்கம் 32, குறுகிய பக்கம் 30. அதாவது பாதிக்குப் பாதி. "இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மென்பொருள் வேண்டாமே, ஒரு நாணயம் போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் சுருக்கென்று இருந்தது.

அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கே கோட்டை விடுகிறேன்?

---

கிரிக்கெட்_மட்டும் | ஞாயிறு, காலை 6.15

அண்ணா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். இந்த ஆட்டத்தில் ஹெல்மெட்டைத் தவிர ஒன்றும் புரியாது, ஆனால் ஐபிஎல் டக்அவுட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் ஆள். ஹேஷ் என்றால் என்ன? அது ஏன் கோச்சுக்கு முதல் கேள்வி?

---

லைன்மேன்_64 | ஞாயிறு, காலை 7.02

நான் சொல்கிறேன். மைதானத்தின் அகலம் 160 அடி. நீளவாக்கில் இரண்டு வரிசை சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார்கள், அதுதான் ஹேஷ். முந்தைய பிளே ஓரமாக முடிந்தால், அடுத்த பிளேயை அந்தப் பக்கத்து ஹேஷிலிருந்து தொடங்குவார்கள்.

என்எஃப்எல்லில், அதாவது தொழில்முறை லீக்கில், இரண்டு ஹேஷுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம்தான். கோல்போஸ்ட்டின் அகலமும் அதேதான். அதனால் அங்கே பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில். காலேஜில் 40 அடி. ஹைஸ்கூலில் 53 அடி 4 அங்குலம், அதாவது மைதானத்தை மூன்றாக வெட்டிய மாதிரி. இடது ஹேஷில் பந்து இருந்தால், இடப்பக்கம் ஒரு பங்கு இடம், வலப்பக்கம் இரண்டு பங்கு இடம். ஓடுவதற்கு வேகமான பையன் வைத்திருக்கும் அணி எந்தப் பக்கம் போகும்? அகலப் பக்கம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் அடுத்த அணி செய்கிறதா என்பது ஹைஸ்கூல் கோச்சுக்கு டவுனைவிட முக்கியம்.

உங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பக்கம் பவுண்டரி மட்டும் 40 மீட்டர் தள்ளிப் போன மாதிரி. ஃபீல்டை எப்படி நிறுத்துவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

---

பிரஸ்பாக்ஸ்_பானு | ஞாயிறு, காலை 8.30

வெள்ளிக்கிழமை அப்பா சார், படிக்கும்போது காலேஜ் டீமில் மூன்று வருஷம் ஸ்டூடன்ட் உதவியாளராக இதே வேலை பார்த்தேன். வீடியோ ரூமில் ஜன்னல் கிடையாது, அக்டோபர் வந்ததா போனதா என்றே தெரியாது.

முதல் விஷயம். 32-க்கு 30 என்பதை நான் நம்ப மாட்டேன். ஹைஸ்கூல் அணி எதுவும் அவ்வளவு சமமாக ஓடாது. அப்படி சமமாக வந்தால் அந்த கோச் மேதையா என்று யோசிப்பதற்கு முன், டேக்கைத்தான் சந்தேகப்படுவேன். இரண்டு தப்பு ஒன்றையொன்று அழித்தால் இப்படித்தான் அழகாக 50 வந்து நிற்கும்.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹேஷ் கட்டத்தில் "இடது" என்று எழுதும்போது யாருடைய இடது? ரன் திசை கட்டத்தில் "இடது" என்று எழுதும்போது யாருடைய இடது? இரண்டும் ஒரே ஆளின் கண்ணிலிருந்துதானா?

இரண்டாவது, அந்த 61 பக்கம். மென்பொருளுக்கு எதையும் எதோடும் குறுக்கே வெட்டிக் காட்டத் தெரியும், எப்போது நிறுத்துவது என்று தெரியாது. மூன்றாவது டவுன், 7 முதல் 10 யார்டு, வலது ஹேஷ், இரண்டு டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) என்று நீங்கள் நாலு சல்லடை போட்டால் 180 பிளேயில் மூன்றோ நாலோதான் மிஞ்சும். மூன்றில் மூன்று பாஸ் என்றால் ரிப்போர்ட்டில் நூறு சதவீதம் என்று பச்சைக் கட்டத்தில் பளபளக்கும். அது டெண்டன்சி, அதாவது அணியின் பழக்கம், இல்லை சார், தற்செயல். என் கோச், சதவீதத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "எத்தனைக்கு எத்தனை" என்று எழுதினால்தான் படிப்பார்.

அப்புறம் 35-0 என்று ஸ்கோர் ஆனபிறகு ஆடிய பிளேக்களை எடுத்துவிட்டீர்களா? ஜெயிக்கும் அணி கடிகாரத்தை ஓட்ட ரன்னாகப் போட்டுத் தள்ளும், தோற்கும் அணி பாஸாக எறிந்துகொண்டிருக்கும். கடைசியில் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி அஃபென்ஸை நடத்துபவர்) முட்டி போட்டு உட்காரும் பிளேயும் ரன் கணக்கில்தான் விழும். அதெல்லாம் அந்த அணியின் குணம் இல்லை, அந்த நேரத்துச் சூழ்நிலை.

---

பழைய_ரீல் | ஞாயிறு, காலை 10.20

பானு சொல்வது எல்லாம் சரி. ஆனால் இழையின் தலைப்பைப் பார்த்தால் இது ஏதோ நேற்று வந்த மென்பொருளின் கதை போல இருக்கிறது. 1978-இலிருந்து கிளீவ்லாந்தில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் இருக்கும் மாநிலத்தில்தான் இந்த வியாதி பிடித்து வளர்ந்தது. பால் பிரவுன் 1932-இல் மேசிலான் ஹைஸ்கூலுக்குக் கோச்சாக வந்தார். பிறகு கிளீவ்லாந்து பிரவுன்ஸை நடத்தினார். வீரர்களை வகுப்பில் உட்காரவைத்து, நோட்டுப் போட்டு எழுதவைத்து, பிலிம் பார்த்து மார்க் போட்டவர். இன்னொரு பக்கம் சிட் கில்மன். அவர் குடும்பம் சினிமா தியேட்டர் வைத்திருந்தது. செய்திச் சுருளில் ஃபுட்பால் காட்சி வந்தால் அதை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பாராம். 1950-களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் டிஃபென்ஸை நடத்திய டாம் லேண்ட்ரி பொறியியல் படித்தவர். எந்த ஃபார்மேஷனிலிருந்து எதிரணி எதை எத்தனை தடவை ஆடுகிறது என்று கையால் கணக்கெடுத்து அதற்கேற்ப ஆளை நிறுத்தினார். ஹடல் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது லேண்ட்ரியின் நோட்டுதான், அச்சு மட்டும் கலர்.

கம்ப்யூட்டர் நுழைந்ததில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு, இங்கே பலருக்குத் தெரியாது. 1960-களில் டாலஸ் கௌபாய்ஸ், காலேஜ் வீரர்களில் யாரை எடுப்பது என்று கம்ப்யூட்டரை வைத்துத் தேடினார்கள். அந்த முறையை அமைத்துக் கொடுத்தவர் சலாம் குரேஷி, அலிகாரிலிருந்து போன புள்ளியியல்காரர், ஐபிஎம்மின் துணை நிறுவனத்தில் வேலை. கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. குணம், சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, வலு என்று அளக்க முடியாத ஐந்தையும் எண்ணாக மாற்றுவதுதான் அவருக்கு வந்த தலைவலி. ஸ்கவுட்டுகள் ஆளுக்கொரு பாஷையில் எழுதினார்கள். அதையெல்லாம் ஒரே வார்த்தைகளுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இயந்திரத்துக்கு வேலை. பானு கேட்ட "யாருடைய இடது" கேள்வி அன்றைக்கே வேறு உருவத்தில் வந்துவிட்டது.

அப்புறம் சின்சினாட்டி. பால் பிரவுன் அங்கே பெங்கால்ஸ் அணியை ஆரம்பித்தார் அல்லவா, அவருடைய குவார்ட்டர்பேக் வெர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மேகால் என்ற பேராசிரியரோடு சேர்ந்து 1969 பருவத்தின் 8,373 பிளேக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மைதானத்தின் எந்த இடத்தில் பந்து கையில் இருந்தால் சராசரியாக எத்தனை பாயின்ட் பெறும் என்று கணக்கு. 1971-இல் கட்டுரையாக வந்தது. சொந்த கோல்கோட்டுக்கு ஐந்து யார்டு பக்கத்தில் பந்து கிடைத்தால் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே என்று வந்தது. பந்து உன் கையில், ஆனால் லாபம் எதிரிக்கு! இன்றைக்கு டிவியில் பேசும் எண்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆடிக்கொண்டிருக்கும் குவார்ட்டர்பேக் எழுதிய கட்டுரை என்பதை மறக்காதீர்கள்.

---

ஏன்_எதற்கு | ஞாயிறு, காலை 11.05

ஒரு சந்தேகம். எதிரணியின் வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு ராப்பகலாகத் தோண்டுவது நேர்மையா? அந்த மிச்சிகன் காலேஜ் அணி விவகாரம் இதுதானே?

---

லைன்மேன்_64 | ஞாயிறு, காலை 11.31

இல்லை, இரண்டும் வேறு. வீடியோவை இரண்டு அணிகளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள், ஒப்பந்தம் போட்டு. முன்பெல்லாம் சனிக்கிழமை காலையில் இரண்டு கோச்சும் காரை எடுத்துக்கொண்டு பாதி வழியில் ஏதாவது பெட்ரோல் பங்கிலோ பர்கர் கடையிலோ சந்தித்து டேப்பை மாற்றிக்கொள்வார்கள். என் அண்ணன் ஆடிய காலத்தில்கூட டிவிடிதான். ஹடல் 2006-இல் நெப்ராஸ்காவில் லிங்கனில் தொடங்கியது, பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் ஆரம்பித்தது. முதல் வாடிக்கையாளர் அந்தப் பல்கலைக்கழக அணியே. பிறகு அது ஹைஸ்கூலுக்கு இறங்கியதும் அந்தக் கார் பயணம் ஒரு பொத்தானாகிவிட்டது.

திருட்டு என்று பேர் வாங்கியது சிக்னல், அதாவது அடுத்த பிளேயைக் கையால் காட்டும் சைகை விஷயத்தில். 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், ஜெட்ஸ் கோச்சுகளின் கைச்சைகையை ஓரத்திலிருந்து வீடியோ எடுத்து மாட்டினார்கள். பேட்ரியட்ஸ் கோச் பெலிச்செக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு இரண்டரை லட்சம், அடுத்த ஆண்டு புது வீரரை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வும் போயிற்று. மிச்சிகன் மேல் 2023-இல் வந்த புகார், வருங்கால எதிரணிகளின் மேட்சுக்கு ஆள் அனுப்பி சிக்னலைப் படம் எடுத்தார்கள் என்பது. காலேஜில் நேரில் போய் உளவு பார்ப்பதற்கு 1994-இலிருந்தே தடை. அந்த ஆண்டு வழக்கமான பருவத்தின் (இறுதிச் சுற்றுகளுக்கு முந்தைய) கடைசி மூன்று மேட்சுக்கு ஹெட் கோச்சை உட்காரவைத்தது பிக் டென் லீக்.

அடுத்த வருஷமே காலேஜ் மேல்மட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. சைகையே இல்லை என்றால் திருட என்ன இருக்கிறது?

---

பழைய_ரீல் | ஞாயிறு, காலை 11.50

ஹெல்மெட் ரேடியோவா? பால் பிரவுன் 1956-லேயே போட்டுப் பார்த்தார், லீக் தடை போட்டுவிட்டது. என்எஃப்எல் அதை அனுமதித்தது 1994-இல். சும்மா சொல்லிவைக்கிறேன்.

---

வெள்ளிக்கிழமை_அப்பா | ஞாயிறு, மதியம் 2.15

பானு, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

காலையில் உங்கள் கேள்வியைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. 47-ஆம் கிளிப்பைத் திறந்தேன். கேமரா மேலே பிரஸ் பாக்ஸில், மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. திரையில் மேலே தெரியும் ஹேஷை இடது என்றும், கீழே தெரிவதை வலது என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த அணி திரையில் வலப்பக்கம் போகும்போது அது சரி. ஆனால் குவார்ட்டர் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறுகின்றன அல்லவா? இடப்பக்கம் போகும்போது அவர்களுடைய இடது கீழே வந்துவிடுகிறது! நான் அப்போதும் மேலே இருப்பதையே இடது என்று எழுதியிருக்கிறேன்.

ரன் திசையை மட்டும் அஃபென்ஸின் கண்ணிலிருந்து எழுத வேண்டும் என்று கோச் முதல் நாளே சொல்லியிருந்தார், அதைச் சரியாகச் செய்திருக்கிறேன். ஆக, ஒரு கட்டம் பையன்களின் கண், இன்னொரு கட்டம் கேமராவின் கண். இரண்டையும் கூட்டிக் குழப்பினால் பாதிக்குப் பாதி வராமல் வேறென்ன வரும்.

47-ஆம் கிளிப் அப்படியே சாட்சி. இரண்டாவது டவுன், 6 யார்டு. பந்து திரையில் மேல் ஹேஷில், அணி இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. அதாவது அவர்களுக்கு வலது ஹேஷ். ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் கைமாறி பிளே தொடங்கியதும்) பந்து திரையில் கீழே, அந்தப் பரந்த இடத்துக்குள் பாய்கிறது, 14 யார்டு. என் டேக்கில்: ஹேஷ் இடது, ரன் இடது. குறுகிய பக்கம் ஓடினான் என்று கணக்கு!

நின்று நிதானமாக எல்லாவற்றையும் திருத்தினேன். இப்போது ஹேஷிலிருந்து போன 62 ரன்னில் 49 அகலப் பக்கம். கோச்சுக்கு ஒரே வரியில் அனுப்பினேன்: "62-க்கு 49, அகலப் பக்கம். நேற்றுக் கொடுத்தது என் தப்பு." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அந்த மனுஷரிடமிருந்து அது பெரிய விஷயம்.

---

லைன்மேன்_64 | ஞாயிறு, மாலை 4.40

அருமை சார். நான் நாலு வருஷம் லெஃப்ட் கார்டு (அஃபென்ஸ் முன்வரிசையில் எதிரியைத் தடுப்பவன்) ஆடியவன், ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு வியாழக்கிழமை ஒரே ஒரு தாள் வரும், முன்னும் பின்னும். அதிலும் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்த வாரம் ஒரு பக்கம்தான் மண்டையில் ஏறும். 49-க்கு 13 என்பது பையனுக்கு வேண்டாம். "பந்து ஹேஷில் இருந்தால் இரண்டு அடி அகலப் பக்கம் தள்ளி நில்", அது போதும்.

இன்னொன்று. மென்பொருளில் கட்டம் இல்லாத விஷயங்களைப் பாருங்கள். ரன் என்று தெரிந்தால் நான் கைமேல் எடையைப் போட்டு முன்னால் சாய்வேன், தரையில் ஊன்றிய விரல் முட்டிகள் வெளுத்துவிடும். பாஸ் என்றால் பின்னங்காலில் எடை, முதுகு கொஞ்சம் நிமிரும். எனக்கே தெரியாது. பதினோராம் வகுப்பில் ஒரு எதிரணி டிஃபென்ஸ்காரன் ஸ்னாப்புக்கு முன்னாலேயே "பாஸ், பாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தான். மேட்ச் முடிந்து கைகுலுக்கும்போது என் காலைக் காட்டிச் சிரித்தான். அன்றைக்குப் பிறகு எங்கள் கோச் ஒரு மாசம் என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹடலில் நீங்களே புதுக் கட்டம் சேர்க்கலாம். எண்ட் ஸோன் கேமரா (கோல்கோட்டுக்குப் பின்னாலிருந்து பிடிப்பது) வீடியோ இருந்தால் கார்டுகளின் உட்காரும் விதத்தை ஒரு கட்டமாகப் போட்டுப் பாருங்கள்.

---

கிரிக்கெட்_மட்டும் | ஞாயிறு, மாலை 5.10

பவுலர் கூக்ளி போடும்போது மணிக்கட்டைப் பார்ப்பது மாதிரி! இது புரிகிறது. ஆனால் இந்தக் காலத்தில் இதையெல்லாம் ஏஐ தானாகச் செய்துவிடாதா? அப்பாக்கள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வேண்டுமா?

---

பிரஸ்பாக்ஸ்_பானு | ஞாயிறு, இரவு 8.05

என்எஃப்எல்லில் பாதி அப்படி ஆகிவிட்டது. 2014-இலிருந்து வீரர்களின் தோள்பட்டைக் கவசத்துக்குள் சின்ன சிப் வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று வினாடிக்குப் பத்து தடவை பதிவாகிறது. பிறகு பந்துக்குள்ளும் வைத்தார்கள். 2018-இலிருந்து எல்லா அணிகளின் டேட்டாவும் எல்லா அணிகளுக்கும். அங்கே ஹேஷ் எது என்று யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. ஹைஸ்கூலில் சிப் கிடையாது, ஒரு தாத்தா பிரஸ் பாக்ஸில் பிடிக்கும் கேமராதான், டச்டவுன் வந்தால் அவரும் துள்ளுவார், படமும் துள்ளும்.

காசு கொடுத்தால் வெளியே ஆள் வைத்து டேக் செய்து தருகிறார்கள். நான் இருந்த காலேஜில் ஒரு சேவையை ஒரு பருவம் எடுத்துப் பார்த்தோம், பேர் வேண்டாம். டவுன், யார்டு எல்லாம் சுத்தமாக வந்தது. ஃபார்மேஷன் பெயர்கள் மட்டும் அவர்கள் பாஷையில். நாங்கள் "டிரிப்ஸ்" என்று சொல்வதில் நாலு வகை வைத்திருந்தோம், அவர்களுக்கு எல்லாம் ஒன்று. கடைசியில் எல்லாவற்றையும் நான் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அப்படி இரண்டாம் தடவை பார்த்ததில்தான் எதிரணியின் லைன்பேக்கர் பிளிட்ஸ் வரும்போதெல்லாம் (குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாயும்போதெல்லாம்) முகக்கவசத்தை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொள்வதைக் கண்டுபிடித்தேன்.

---

பழைய_ரீல் | ஞாயிறு, இரவு 8.40

அதுதான் நான் சொல்ல வந்தது. டேக் செய்வது எடுபிடி வேலை என்று நினைத்து அதை இயந்திரத்திடம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். பார்ப்பதுதான் படிப்பு. பெலிச்செக் 1975-இல் பால்டிமோர் கோல்ட்ஸில் வாரம் 25 டாலருக்குச் சேர்ந்து செய்த வேலை என்ன? பிலிமைப் பிரித்துக் கணக்கெடுப்பது. அப்பா ஸ்டீவ் கடற்படை அகாடமியில் ஸ்கவுட், அந்தத் தொழிலைப் பற்றி 1962-இல் புத்தகமே போட்டவர். பையன் சின்ன வயசிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிலிம் பார்த்தவன். ரிப்போர்ட்டை யாரோ தயாராகக் கையில் கொடுத்திருந்தால் அவர் பெலிச்செக் ஆகியிருப்பாரா?

---

பிரஸ்பாக்ஸ்_பானு | ஞாயிறு, இரவு 9.15

ஐயா, இதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன். 180 கிளிப்பில் யார்டு கோடு எழுதுவதில் ஒரு படிப்பும் இல்லை. அதை இயந்திரம் செய்யட்டும், மிச்ச நேரத்தில் அந்த முகக்கவசத்தைத் தேடலாம். எனக்கு அந்த மூன்று வருஷத்தில் போன தூக்கத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

அதோடு பார்த்தால் மட்டும் போதாது, அது மைதானத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2015 பிப்ரவரி சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சியாட்டில் ஒரு யார்டு கோட்டில், இரண்டாவது டவுன், 26 வினாடி மிச்சம், பேட்ரியட்ஸ் 28-24 முன்னிலை. பாஸைப் பிடிக்கும் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் பாய்ந்து பந்தைப் பறித்தார். அந்தப் பிளேயை அதற்கு முன்பே பேட்ரியட்ஸின் ஸ்கவுட் அணி (எதிரணி மாதிரி ஆடிக் காட்டுபவர்கள்) பயிற்சியில் ஆடிக் காட்டியிருந்தது, அன்றைக்குப் பட்லர் ஏமாந்து டச்டவுன் விட்டார். ஏமாந்ததால்தான் ஞாபகம் இருந்தது. ரிப்போர்ட்டில் ஒரு வரியாக மட்டும் இருந்திருந்தால் வந்திருக்குமா தெரியாது. ஆகவே சார், அந்த 49-ஐ உங்கள் கோச் செவ்வாய், புதன் பயிற்சியில் இரண்டாம் அணியை வைத்து ஓட்டிக் காட்டட்டும்.

---

ஏன்_எதற்கு | ஞாயிறு, இரவு 9.50

மேட்ச் நடக்கும்போது டேப்லெட்டில் பார்த்துக்கொள்ளலாமே? டிவியில் என்எஃப்எல் ஆட்கள் பார்க்கிறார்களே.

---

லைன்மேன்_64 | ஞாயிறு, இரவு 10.02

அவர்கள் பார்ப்பது வீடியோ இல்லை, படங்கள். ஸ்னாப்புக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்தவை. 2014-க்கு முன்பு அதையும் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து ஃபைலில் போட்டுக் கொடுத்தார்கள். பெலிச்செக் 2016-இல் இந்த டேப்லெட்டே வேண்டாம், காகிதமே போதும் என்று சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒஹாயோவில் ஹைஸ்கூல் பையன்கள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முழு வீடியோவே பார்க்கிறார்கள். கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குபவர்களுக்கு போட்டோ, பதினேழு வயசுக்காரனுக்கு வீடியோ.

---

வெள்ளிக்கிழமை_அப்பா | சனி, காலை 9.30

நேற்று மேட்ச். 20-17, தோற்றோம். ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது.

61 பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன். மூன்றே விஷயம். அகலப் பக்கம் 62-க்கு 49. மூன்றாவது டவுனில் 3 யார்டுக்குள் என்றால் டைட் எண்ட் நிற்கும் பக்கம்தான் ரன். மூன்றாவது, லைன்மேன்_64 சொன்ன கட்டம். எண்ட் ஸோன் வீடியோ ஒரு மேட்சுக்குத்தான் இருந்தது. அதில் அவர்களுடைய ரைட் கார்டு பாஸ் பிளேயில் காலை ஓரடி பின்னால் வைத்துக்கொள்கிறான், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கோச் இரண்டாம் அணியை வைத்து அதே ரன்னை ஆடவிட்டார். மகன் செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை ஏமாந்தான், பானு.

முதல் பாதியில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஹேஷிலிருந்து 11 ரன், அதில் 9 அகலப் பக்கம், எல்லாமே இரண்டு மூன்று யார்டில் நின்றது. மகன் ஸ்னாப்புக்கு முன்பே நகர்ந்து நிற்பதை மேலேயிருந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன், பாவம் அவர் கையில் சூடான காபி.

அரைநேர இடைவேளை முடிந்து வந்தார்கள். முதல் பிளே, இடது ஹேஷ், எல்லோரும் வலப்பக்கம் நகர்ந்தோம். பந்தோடு ஓடியவன் இடப்பக்கம், அந்தச் சின்ன சந்துக்குள், 38 யார்டு. நாலு பிளே தள்ளி மறுபடி அதே சந்து, டச்டவுன். அவர்களும் டேப்லெட்டில் பார்த்திருக்கிறார்கள், எங்கள் சேஃப்டி எப்போதும் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று. அந்த சேஃப்டி யாருடைய மகன் என்று சொல்ல வேண்டியதில்லை. காலைப் பின்னால் வைக்கும் ரைட் கார்டு மூன்றாவது குவார்ட்டரில் கணுக்கால் சுளுக்கி வெளியே போனான். அவனுக்குப் பதில் வந்தவன் எல்லா பிளேக்கும் ஒரே மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தான். அந்தக் கட்டத்தோடு என் மூன்றாவது வரியும் போயிற்று.

---

பிரஸ்பாக்ஸ்_பானு | சனி, காலை 10.10

அவர்கள் தங்களையே டேக் செய்து பார்க்கிறார்கள் சார். 62-க்கு 49 என்பது அவர்கள் கோச்சுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது அடுத்த எதிரணியை இல்லை, உங்கள் பையன்களின் ஐந்து மேட்சை. எதிரணி உங்களைப் பற்றி எழுதும் ஒரு பக்கத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். நேற்றைய வீடியோ இந்நேரம் அடுத்தவர்கள் கைக்குப் போயிருக்கும், அங்கேயும் ஒரு அப்பா டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார்.

---

வெள்ளிக்கிழமை_அப்பா | சனி, இரவு 11.20

ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்கு மகனும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், யாரும் கூப்பிடவில்லை. 22-ஆம் கிளிப்பில் நிறுத்தச் சொன்னான். ஸ்னாப்புக்கு ஒரு வினாடி முன்னால் அவன் தலை அகலப் பக்கம் திரும்புகிறது. 23-இலும். 26-இலும். "அப்பா, இதுக்கு ஒரு கட்டம் போடு" என்றான்.

---

கிரிக்கெட்_மட்டும் | ஞாயிறு, காலை 9.45

அண்ணா, 22-ஆம் கிளிப்பில் பந்து எந்த ஹேஷ்? அஃபென்ஸின் கண்ணிலிருந்து சொல்லுங்கள்.